காண்க: கில்லீஸ்

டண்டீயில் ஜனவரி.
நூலகத்தின் மூன்றாம் தளத்தில் ஹீட்டர் இருமுகிறது.
டே நதியின் மேல் பாலம் பாதிதான் தெரிகிறது;
மீதியைப் பனிமூட்டம் கடன் வாங்கிப் போயிருக்கிறது.

ஆடம் கின்மோன்ட். பதினோரு நாவல்கள்.
ஆயிரத்து நானூற்றாறு மனிதர்கள்,
இருபத்திரண்டு நாய்கள், பேசத் தெரிந்த ஒரு காகம்.
எல்லாரையும் அகர வரிசையில் நிறுத்துவது என் வேலை.
சம்பளம் நான்கு ஆண்டுகளுக்கு.
இது ஆறாவது ஆண்டு.

அகர வரிசைக்கு ஈவிரக்கம் கிடையாது.
ஊரை எதிர்த்து ஓடிப்போன காதலர்களை
முந்நூறு பக்கம் தள்ளித் தள்ளி உட்கார வைக்கிறது.
கொன்ற மக்ரேயும் கொலையுண்ட மக்ரோரியும்
தோளுரசி நிற்கிறார்கள்.

ஊர் பேர் தெரியாதவர்களால்தான் தொல்லை.
‘குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றவன்’:
இவனை எந்த எழுத்தில் வைப்பது?
குதிரை என்று வைத்தால் பெருமை குதிரைக்கு.
நின்றவன் என்று வைத்தால்
கின்மோன்ட் நாவல்களில் பாதிப்பேர் நிற்பவர்கள்தான்.

பதிப்பாசிரியர் லெக்கி எழுதுகிறார்:
மோராக், ஒரே ஒருமுறை தலைகாட்டுபவர்களை
விட்டுவிடலாமே.
விடலாம்தான்.
அவன் அந்தக் காலையில் கடிவாளத்தை விட்டிருந்தால்
குதிரை ஓடியிருக்கும், அவள் இறங்கியிருக்க மாட்டாள்,
அறுநூறு பக்கமும் அச்சுக்கு வந்திருக்காது.

பிறகு கில்லீஸ். தபால்காரர்.
‘உப்புக் கிடங்கு’, ஒன்பதாம் அத்தியாயம்:
படகு கவிழ்ந்து ஆற்றோடு போகிறார்.
உடல் கிடைக்கிறது. அடக்கம் நடக்கிறது.
மழைக்கு இரண்டு வரி,
விதவைக்கு ஓர் இரவல் குடை.

முப்பத்தொன்றாம் அத்தியாயம்:
விடிந்ததும் கதவைத் தட்டி
கில்லீஸ் ஒரு கடிதம் கொடுத்துவிட்டுப் போகிறார்.
வீட்டில் யாருக்கும் வியப்பில்லை.
கஞ்சி ஆறுகிறதே என்ற கவலைதான்.

முந்தைய கையேடு, கில்லீஸ் இருவர் என்கிறது.
அதற்கும் முந்தையது, அண்ணன் தம்பி.
அண்ணனுக்கு ஒரு பெயரும் வைத்துவிட்டார்கள்.
செத்தவனைப் பிழைக்க வைக்கக் கூச்சம்,
பிறக்காதவனைப் பிறக்க வைக்கக் கூச்சமில்லை.

கைப்பிரதி பார்க்க எடின்பரோவுக்கு ரயிலேறினேன்.
பென்சில் மட்டும்தான் அனுமதி.
கின்மோன்ட்டின் கறுப்பு மையில் இருந்தது:
“தபால்காரன் ஒருவன் வந்தான்.”
அச்சுக்கூடத்துக்குப் போன படி, மனைவி எழுதியது.
பழுப்பு மை, சாயாத கையெழுத்து.
அதில் “கில்லீஸ் வந்தார்.”
அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை.
எழுதி, மை ஒற்றி, அடுத்த வரிக்குப் போயிருக்கிறாள்.

கை தவறியதா?
பதினோரு நாவலையும் எழுத்தெண்ணிப் படியெடுத்தவள்.
காற்புள்ளிகூடத் தவறவிட்டதில்லை.
ஒன்பதாம் அத்தியாயத்தில் அவரை மூழ்கடித்ததும்
அதே கையால், அதே பழுப்பு மையில்.

என் கையேட்டின் முதல் பகுதியில், ‘வாழ்க்கை’யில்,
அவளுக்கு நான் ஒதுக்கியது நான்கு வரி.
யூஃபீமியா. பிறந்தாள். மணந்தாள். ஏழு பிள்ளைகள்.
இறந்தாள்: அவருக்குப் பதினெட்டு நாள் முன்னால்.
பேருக்கு ஒரு பேர்.
அதையும் அவர் பெயருக்குக் கீழே வைத்திருந்தேன்.

ரயில் திரும்பும்போது பாலத்தில் நின்றது.
காரணம் சொல்லவில்லை.
கீழே ஆறு, சத்தமில்லாமல்.
பயணச்சீட்டின் பின்புறம் எழுதினேன்:

கில்லீஸ். தபால்காரர். இறக்கிறார், 9.
கடிதம் கொடுக்கிறார், 31.
காண்க: கின்மோன்ட், யூஃபீமியா.

கின்மோன்ட், யூஃபீமியா.
காண்க: கில்லீஸ்.

லெக்கி கேட்பார்: இது வட்டமாகச் சுற்றுகிறதே,
படிப்பவன் எங்கே போய்ச் சேருவான்?
தெரியவில்லை.
அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது என்றும் தெரியவில்லை.
நாவல் முடியும்வரை யாரும் அதைப் பிரிக்கவில்லை;
அலமாரியில், கடிகாரத்துக்குப் பின்னால் இருக்கிறது.
அதற்குப் பக்க எண் மட்டும் தந்திருக்கிறேன்.

மணி ஐந்து. விளக்கை அணைக்கச் சொல்கிறார்கள்.
குதிரையைப் பிடித்தவன் இன்னும் நிற்கிறான்.
அவனுக்கும் ஓர் எழுத்து கொடுக்க வேண்டும்,
இன்றைக்கே.
அந்தப் பக்கத்தில் பனி பெய்கிறது.