நான்கு இழை

அந்தப் பியூஸ் கட்டையில்
நான்கு இழைச் செம்புக் கம்பியை முறுக்கிப் போட்டவன்
நான்தான்.
மைதீன் பிச்சை கேட்டபோது
தெரியாது என்று சொன்னேன்.

பாளையங்கோட்டை, முருகன்குறிச்சிக்குப் பின்னால்
ஒரே வீட்டை வகுந்து மூன்று குடித்தனம்.
கீழே இசக்கியம்மாள், தோசை மாவு வியாபாரம்,
விடிய நாலு மணிக்கே கிரைண்டர் ஓடும்.
மாடியில் கோமதிநாயகம்,
போன பங்குனியில் தவணைக்கு எடுத்த ஏசி.
நடுவில் நாங்கள். ஃப்ரிட்ஜ், ஹீட்டர்,
பிள்ளைக்கு இளைப்பு வந்தால் ஆவி பிடிக்கிற மெஷின்.
மூன்று வீட்டுக்கும் சேர்த்து
நிலைக்கு மேலே ஒரே ஒரு பீங்கான் கட்டை.

வயர் இழுத்த காலத்தில்
இங்கே எரிந்தது நான்கு குண்டு பல்பு.
பாடியது ஒரு ரேடியோ.
தேக்குப் பட்டைக்குள் துணி சுற்றிய வயர்,
பட்டை மறைய மறைய வருஷா வருஷம் சுண்ணாம்பு.
வீட்டுக்காரர் ஞானசிகாமணி மஸ்கட்டில் இருக்கிறார்.
"நல்லாத்தானவே எரியுது" என்பார் போனில்.
பொய்யில்லை.
நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

பியூஸ் போகும்.
மாவு பாதியில் நிற்கும்.
"எய்யா, ஒரு எட்டு வந்து பாரும்."
ஸ்டூலில் ஏறி, டார்ச்சை வாயில் கவ்வி
ஒற்றை இழை போடுவேன்.
மயிர் மாதிரி இழை.
வெந்து அறுந்துதான்
அது எங்களிடம் பேசிக்கொண்டிருந்தது.

ஐப்பசி அடைமழையில்
ஒரே ராத்திரி மூன்று தடவை போனது.
மூன்றாம் தடவை எனக்குக் கோபம்.
செத்துப்போன டேபிள் ஃபேனின் வயரை உரித்து
நான்கு இழை, முறுக்கி, இறுக்கி.
"இனி ஜென்மத்துக்கும் போவாது" என்றேன்.
இசக்கியம்மாள் ஒரு போணி மாவு தந்தாள்,
காசு வாங்கவில்லை.

போகவில்லை.
கிரைண்டரைத் தொட்டால் சுருக்கென்றது,
அவள் ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு ஆட்டினாள்.
ஸ்விட்ச் பெட்டிக்குள் பல்லி கருகி ஒட்டியிருந்தது,
விளக்குமாற்றுக் குச்சியால் சுரண்டிப் போட்டோம்.
கருவாடு தீய்கிற வாடை வந்தது,
அடுத்த வீட்டைச் சந்தேகப்பட்டோம்.

மார்கழியில் ஜெரின்
சுவரோடு ஒட்டிப் படுக்க ஆரம்பித்தான்.
குளிருக்கு இதமாக இருக்கிறதாம்.
ஒரு ராத்திரி என்னை உலுக்கிச் சொன்னான்:
"எப்பா, செவுத்துக்குக் காய்ச்சல்."

கையை வைத்தேன்.
எடுத்தேன்.
அவன் போர்வையின் ஓரம் பழுத்திருந்தது,
இஸ்திரிப் பெட்டியை மறந்து வைத்த மாதிரி.

மெயினை இறக்கிவிட்டு
மூன்று வீட்டுக் கதவையும் தட்டி எழுப்பி
விடிகிறவரை முற்றத்தில் நின்றோம்.
பொன்மணி என்னைப் பார்க்கவில்லை.
பிள்ளை அவள் தோளில் தூங்கிவிட்டான்.

காலையில் மைதீன் பிச்சை பட்டையைப் பெயர்த்தார்.
தேக்கு கரியாகி, விரல் பட்ட இடம் உதிர்ந்தது.
ஒரு முழத்துக்கு வயர் மேல் துணியே இல்லை.
பிறகு கட்டையை உருவினார்.
நான்கு இழையும்
புதுப் பவுன் மாதிரி, ஒரு சேதாரம் இல்லாமல்.
"இதப் போட்டவன் கெட்டிக்காரன்வே" என்றார்,
சிரிக்காமல்.
"குப்பையில போட்டிரும்."
அங்கே ஐந்து பேர் நின்றோம்.
என் கையில்தான் தந்தார்.

இப்போது புது வயர்.
செலவில் பாதிக்கு ஞானசிகாமணியோடு
இன்னும் தகராறு தீரவில்லை.
கொல்லையில் குழி தோண்டி
உப்பும் கரியும் கொட்டி எர்த் இறக்கியாயிற்று.
ஜெரின் படுக்கும் முன்
சுவரில் புறங்கையை வைத்துப் பார்க்கிறான்,
"இல்ல" என்கிறான், யாரும் கேட்காமலே.

சாய்ந்து மழை அடித்தால்
டொப்பென்று பிரேக்கர் விழுகிறது.
மாடியிலிருந்து கோமதிநாயகம் வைகிறார்:
"கார்த்திகை பூரா பழசு ஒரு தடவ போச்சாவே?"
ஒரு தடவைகூடப் போகவில்லை.
டார்ச்சோடு போகிறேன்.
உடனே தூக்கிவிடுவதில்லை.