அரை மாத்திரை

ஏழாம் வகுப்பு, பி பிரிவு.
எழுத்தை ஒலிக்க ஆகும் நேரம் மாத்திரை என்றேன்.
"எந்த மாத்திரை, மிஸ்?" என்றது கடைசி பெஞ்ச்.
வகுப்பே சிரித்தது.
கொருக்குப்பேட்டையில் பன்னிரண்டு வயதுக்கே தெரியும்
எந்தச் சந்தில் எது, என்ன விலை என்று.
நானும் சிரித்துவைத்தேன்.
என் கைப்பையில்
வினாத்தாள் கட்டுக்கும் தயிர்சாதத்துக்கும் நடுவே
பூட்டுப் போட்ட ஜாமெட்ரி பாக்ஸில்
எபினேசரின் மாத்திரைகள் கிலுகிலுத்தன.

என் தம்பி.
மணலி ரோட்டில் டிரெய்லர் ஓட்டியவன்.
மே மாத வெயிலிலும் முழுக்கைச் சட்டை.
கழுத்துப் பட்டன்வரை போட்டிருப்பான்.
அம்மா அந்தச் சட்டையைத் துவைப்பாள்,
கையைப் பார்க்கமாட்டாள்.

"கீழ்ப்பாக்கம் கேஸு" என்றாள் சம்பூர்ணம் அக்கா.
"நாலு சாத்து சாத்தினா சரியாப்பூடும்" என்றார் மாமா,
செங்குன்றம் பக்கம் ஒரு ஹோமில் கொண்டுபோய் விட்டார்.
அங்கே சாத்தினார்கள்.
மொட்டைத் தலையோடு திரும்பிவந்தவன்
பதினோரு நாள் யாரோடும் பேசவில்லை.
பன்னிரண்டாம் நாள் அதே சந்துக்குப் போனான்.

நாங்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி:
ஏன்டா?
திட்டுவதற்கு வைத்திருந்த வார்த்தை அது.
கேள்விக்குறி சும்மா ஒட்டிக்கொண்டிருந்தது.

அரசு ஆஸ்பத்திரியில், டோக்கன் நாற்பத்தேழு.
அந்த டாக்டர், நஸ்ரின் என்று பேர்,
ஊசித் தழும்பைப் பார்த்துவிட்டுத் தூக்கத்தைக் கேட்டார்.
"எப்போலேர்ந்து சரியா தூங்கல?"
எபி மின்விசிறியைப் பார்த்தான்.
"கஜா ரிவர்ஸ் பாத்தான் மேடம்.
'வா, வா, வா'ன்னான்.
அப்புறம் 'வா' வரல.
நான் நிறுத்தல."

மூன்று வருஷம்.
ஒரே வீடு, ஒரே மின்விசிறி.
எனக்குத் தெரியாது.

வா என்பது நெடில்.
இரண்டு மாத்திரை.
ராத்திரி இரண்டு மணிக்கு யார்டிலிருந்து
அது இவனுக்கு மட்டும் கேட்டிருக்கிறது.
அதை நிறுத்தத்தான் முதல் மாத்திரை.
பிறகு அதுவே 'வா' என்றது.

இப்போது தருவது நாக்குக்கு அடியில் வைப்பது.
கரையும்வரை பேசக்கூடாது, விழுங்கக்கூடாது.
தூக்கத்துக்கும் பயத்துக்கும் தனியாக ஒன்று.
வியாழக்கிழமைகளில் ஒரு மணி நேரம்
கஜாவைப் பற்றிப் பேசுகிறான்.
வீட்டுக்கு வந்து பழையபடி
பரோட்டாவுக்குச் சால்னா போதவில்லை என்று சண்டை.

ஆடியில் ஒரு நாள் பூட்டு உடைந்திருந்தது.
அளபெடை. மூன்று மாத்திரை.
பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையையும் தொட்டதில்லை நான்.
அன்றைக்கு அவனை அறைந்தேன்.
டாக்டர் தேதியை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார்,
அம்மாவின் சீட்டில் சர்க்கரை அளவை எழுதுவார்களே
அதே முகத்தோடு.
அந்த முகத்தை நான் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன்.

பத்து மாதம் கழித்து அரையாகக் குறைத்திருக்கிறார்கள்.
பிளேடால் நானே வெட்டுகிறேன்.
சமமாக வராது, ஒரு பக்கம் கொஞ்சம் உதிரும்.
மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை என்று சொன்னேன்.
"உன் கிராமரை ஆரம்பிச்சிட்டியா" என்று
வாய் திறக்க முடியாமல் கண்ணால் சொன்னான்.

இன்று காலையும் எதிரே உட்கார்ந்திருந்தேன்.
கூட்ஸ் போய்க்கொண்டிருந்தது, கேட் போட்டிருந்தார்கள்.
கேட் திறந்ததும் தண்ணி லாரி
சந்துக்குள் பின்பக்கமாக வந்தது.
ஒரு பையன் டப்பாவைத் தட்டித் தட்டிக் கூவினான்:
வா, வா, வா.

எபியின் விரல்கள் ஸ்டூல் விளிம்பைப் பிடித்தன.
பேச முடியாது, நாக்கின் கீழே பாதி கரைந்திருக்கிறது.
நானும் எதுவும் சொல்லவில்லை.
வா.
வா.
பிரேக் பெருமூச்சு விட்டது.
குடங்கள் மோதிக்கொள்ளும் சத்தம்,
யாரோ யாரையோ முந்திக்கொண்டதற்கு வசவு.

எச்சிலை விழுங்கினான்.
"நின்னுச்சுல்ல?"

"நின்னுச்சு."

"பையன்?"

எட்டிப் பார்த்தேன்.
"டயர் மேல ஏறி ஓஸ் மாட்றான்."

இரண்டு குடத்தையும் எடுத்துக்கொண்டு இறங்கினான்.
சட்டைக் கையை மடித்துவிடவில்லை.
திரும்பி வரும்போது
மணிக்கட்டுவரை நனைந்திருந்தது.