நாலாவது கட்டம்

உப்புவெளியில் எங்கள் வேதாகமக் கல்லூரிக்கு
ஒரு மண்டபம், இரண்டு கழிவறை, ஒன்பது மாணவர்.
ஃபேன் சுற்றினால் உள்ளே கிரேக்கம் படிப்பார்கள்.
கரண்ட் நின்றால் வேம்பின் கீழ்,
அங்கும் கிரேக்கம்தான்.
நான் கந்தோரில் இருக்கிறேன்.
பிரசங்கம் எனக்கு வராது.
கணக்கு வரும்.

திங்கள் காலை ஊழிய அறிக்கைகள் மேசைக்கு வரும்.
போன கிராமம். வாசித்த பகுதி. காணிக்கை.
நாலாவது கட்டத்தில் கூடியோர் தொகை.
வெருகல் பக்கம் போய்வந்த எப்சிபா
அந்தக் கட்டத்துக்குள் எழுதியிருந்தாள்:
ஆறு கதவு.

இதென்ன பிள்ளை, தொகை எங்கே என்றேன்.

முதல் பஸ்ஸில் போய் இறங்கினேன் ஐயா.
வெள்ளைச் சாரி, தோளில் பை, கையில் கறுப்பு ஃபைல்.
ஒழுங்கைக்குள் கால் வைத்ததும்
ஒவ்வொன்றாய்ச் சாத்திக்கொண்டன.
அடுப்பு புகைந்தபடி இருந்தது.
கொடியில் சட்டை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.
ஒரு பொடியன் மட்டும் படலையடிக்கு வந்து
பாடமாக்கினதை ஒப்புவித்தான்:
"அம்மா வீட்டில இல்லையாம்.
அடுத்த கிழமை கட்டுவாவாம்."

லோன்காரி என்று நினைத்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமையுமா வருவார்கள்?
நானும் கேட்டேன் ஐயா.
ஞாயிறிலதானே எல்லாரும் வீட்டில நிப்பாங்க
என்றான் அவன்.

அவள் ஆயத்தம் செய்திருந்தது
ஆண்டவர் படிப்பித்த ஜெபத்தில்
கடன் என்ற சொல் வருகிற அந்த வரி.
மூன்று குறிப்பு, ஒரு உவமை, முடிவுரை.
பஸ் வரும்வரை பாலை மரத்தடியில் நின்று
தனக்கே ஒருமுறை வாசித்தாளாம்.
பாதியில் நிறுத்திவிட்டாளாம்.

அதிபர் பூச்சியம் போடச் சொன்னார்.
நான் போடவில்லை.
சோம்பல் என்றுதான் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஞாயிறு ஃபைல் இல்லாமல் போனாள்,
வீட்டுச் சட்டையோடு, ரப்பர் செருப்போடு.
அறிக்கை வந்தது:
கூடியோர், ஒரு கதவு, பாதி.
வாசித்த பகுதி, வெறுமை.
காணிக்கைக் கட்டத்தில்
ஊசியால் குத்தியிருந்தது ஒரு மஞ்சள் அட்டை.
யோகமலர் என்று பெயர்,
கிழமைக்குக் கிழமை ஒரு கையொப்பம்,
எண்ணெய்க் கறை.
"கூட்டிப் பார்க்கச் சொன்னா ஐயா.
அவவுக்குக் கூட்ட ஏலாதாம்."

இரவு கரண்ட் இல்லை.
டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு கூட்டினேன்.
திரும்பவும், கீழிருந்து மேலாக.
அசல் மாரிக்கு முன்னமே முடிந்திருந்தது.
அதற்குப் பிறகும் இருபத்தொரு கையொப்பம்.

சனி பின்னேரம் எப்சிபா வந்து
இன்னும் நாலு அட்டை இருக்காம் என்றாள்,
காட்டமாட்டாங்க, ஆனா இருக்காம்.

விடிய முதல் பஸ்.
கல்குலேட்டரைப் பைக்குள் வைத்தேன்.
பிறகு எடுத்து
சட்டைப் பொக்கற்றில் போட்டுக்கொண்டேன்.
பையோடு போனால் சாத்திவிடுவார்கள்.