ஏழரை

காக்ஸ் டவுனில் ஒரு கார் ஷெட்.
கார் கிடையாது, அதனால் அங்கே
ஒரு ராக் குழு இருந்தது.

பதினைந்து எண்ணி ஒன்றுக்குத் திரும்புகிற தாளம்,
பாதியாக்கினால் ஏழரை.
அதையே பெயராக வைத்தார்கள்,
ஆங்கிலத்தில், வெகு ஸ்டைலாக.
டென்சிலின் அம்மா ஃபிலோமினா மட்டும்
தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு
"வெளங்கின மாதிரிதான்" என்றார்.

எனக்கு வீலர் ரோட்டு ஜெராக்ஸ் கடையில் வேலை.
முந்நூறு கேசட்டுக்கு முந்நூறு அட்டை
வெட்டி மடித்தவள் நான்தான்.
கூலியில் பாதிக்கு ஒரு கேசட்.
மீதியைத் தருவதாகச் சொன்னது
தொண்ணூற்று மூன்றில்.

முதல் பக்கம் முழுக்க ஒரே பாட்டு.
ஏரியை மூடி பஸ் ஸ்டாண்ட் கட்டிய கதை,
பத்தொன்பது நிமிடம், ஐந்து பாகம்.
மூன்றாம் பாகத்தில் மீன்கள்
டிக்கெட் எடுக்க வரிசையில் நிற்கும்.
என் இங்கிலீஷ் அப்போது அவ்வளவுதான்,
மீன் டிக்கெட் எடுப்பது
என் காதின் பிழை என்றே நெடுநாள் இருந்தேன்.

இம்தியாஸின் ஆர்கன் அவன் மாமாவுடையது,
சிவாஜி நகர் கல்யாண செட்டில் அடிபட்டது.
ஒரு கட்டை அமுங்கினால் எழாது.
அதற்காகவே நாலாம் பாகம் எழுதினான்:
அந்த ஒரு சுரம் மட்டும்
நின்றுகொண்டே இருக்கும்,
கடைசி பஸ்ஸை விட்டவன் மாதிரி.

அங்கேதான் கரண்ட் போனது.
பதிவுப் பெட்டி மட்டும் லாரி பேட்டரியில் ஓடியது,
ஜெரால்டு பெங்களூரை அறிந்தவன்.
கிதார் செத்தது. ஆர்கன் செத்தது.
முனிவெங்கடப்பா இருட்டில் விடாமல் அடித்தான்
தகிட தகதிமி தகதிமி தகதிமி
வாயாலும் சொல்லிக்கொண்டு.
யாரோ இருமுகிறார்கள்.
தூரத்தில் ஃபிலோமினா: "மெழுகுவத்தி எங்கடா?"
நாற்பது விநாடி.
வெளிச்சம் வந்ததும் எல்லோரும்
சரியாக ஒன்றில் வந்து இறங்கினார்கள்.

அப்படியே விட்டுவிட்டார்கள்.
அட்டையின் கடைசி வரி, நன்றி: மின்சார வாரியம்.
நானே ஒட்டியது. கொஞ்சம் கோணல்.

ஷட்டரை இறக்கிவிட்டுக் கேட்பேன்.
தாளைக்கூடப் பதினைந்து பதினைந்தாக
எண்ணப் பழகிவிட்டது கை.
முதலாளிக்கு ரீம் கணக்கு
ஒரு வருஷம் உதைத்தது.

கல்லூரி விழா ஒன்றில் வாசித்தார்கள்.
ஆட வந்த பையன்கள் கால் சிக்கி நின்றார்கள்.
"கொத்திரோ ஹாடு ஹாகு குரு" என்றது ஒரு குரல்.
தெரிந்த பாட்டு அவர்களிடம் ஒன்றுமில்லை.

விற்றது எண்பத்தெட்டு. மீதி கட்டிலடியில்.
அதில் ஒன்றின் மேல் ஃபிலோமினா
ஜெபமாலை பதிந்து வைத்துக்கொண்டார்.
ஐந்தாம் தேவரகசியம் முடிந்து
ஆமென் சொன்ன மறுநொடி
டிரம் வந்து விழும்.
ஒரு துக்க வீட்டில் அப்படி விழுந்தது.
யாரும் நிறுத்த எழவில்லை,
ஏரி பஸ் ஸ்டாண்டாகும் வரை உட்கார்ந்திருந்தோம்.

போன மாதம் டென்சில் மெல்போர்னிலிருந்து
போனுக்கு அனுப்பினான்.
தெரிந்தவர் யாரோ கழுவித் துடைத்துக் கொடுத்தாராம்.
இரைச்சல் இல்லை. ஆர்கன் பளபளக்கிறது.
பதின்மூன்றாம் நிமிடத்தில்
இருட்டைக் காணோம்.
நாற்பது விநாடியை வெட்டியெடுத்து
இரு முனையையும் சேர்த்திருக்கிறார்கள்,
நான்கூட அத்தனை சுத்தமாக ஒட்டியதில்லை.

எப்படி இருக்கு, என்றான்.
நல்லா இருக்கு, என்று போட்டேன்.
அந்த மீதிப் பணத்தையும் கேட்டேன்,
ஒரு சிரிப்பு மூஞ்சியோடு.

நேற்று ஹென்னூரில் மழை.
ஒன்பது மணிக்கு பிளாக் முழுக்க அணைந்தது.
ஃபிரிட்ஜ் அடங்கியது,
லிஃப்ட் எங்கோ நடுவில் நின்றது,
எதிர்வீட்டில் யாரோ இருமினார்கள்.
டைல்ஸ் தரையில் என் வலது பாதம்
தகிட தகதிமி
தகதிமி

ஜெனரேட்டர் வந்துவிட்டது,
பதினொன்றிலேயே.