பக்கம் 212, வரி 9

கொள்ளுப்பிட்டியில், டைல்ஸ் கடைக்கு மேல்மாடி.
கண்ணாடிக்கு அப்பால் ரயில் பாதை, அதற்கப்பால் கடல்.
உப்பு உள்ளே வராதிருக்க ஓர் இயந்திரம்
மூலையில் நாள் முழுதும் இரைகிறது.
என் மேசையில் அதே கடல்,
நீலக் காகித அட்டைக்குள், மடித்தபடி.

மிஸிஸ் பூல்ஜென்ஸ் மெல்பேர்னுக்குப் போகிறா.
முப்பது கிலோதான் விடுவார்களாம்.
ஒரு கப்பல்தலைவனின் மூன்று வருடப் பயணம்
தராசில் இரண்டே கால்.
"வித்துப்போடு பிள்ளை," என்றா,
"எங்கட ஆட்களில ஒருத்தரும் வாசிக்கேல்ல."
உண்மைதான். அரைவாசித் தாள்கள்
ஓரம் வெட்டப்படாமலே கிடக்கின்றன.

என் வேலை எண்ணுவது.
படங்கள் பதினேழு, உள்ளன.
வரைபடம் ஒன்று, மடிப்பில் கிழிசல்.
ஒரு புழு பின்னட்டையால் நுழைந்து
மாலைதீவைத் தின்று
கொழும்புத் துறையை நோக்கி வந்து
ஏனோ மனம் மாறித் திரும்பியிருக்கிறது.
"நல்ல காலம்," என்கிறார் ஹஸீப் மரிக்கார்.
"கொழும்பைத் தின்டிருந்தா ரெண்டு லட்சம் போயிருக்கும்.
மாலைதீவை ஆர் கேக்கப் போறான்?"

வெட்டாத தாள் விலையைக் கூட்டும்;
கத்தி வைக்கக் கூடாது.
ஆகவே தாளைக் குழலாய் வளைத்து
கைபேசி வெளிச்சத்தை உள்ளே விட்டு
ஒற்றைக் கண்ணால் வாசிக்கிறேன்,
அடுத்த வீட்டுச் சாவித்துவாரத்தில் பார்ப்பதுபோல.

அங்கே, கொழும்புத் துறையில்
கப்பல் ஒன்பது நாள் நிற்கிறது.
தண்ணீர், எலுமிச்சங்காய், ஆறு பன்றி.
மாலைதீவுப் பாறைகளூடே வழி தெரிந்த
மீகாமன் ஒருவனைக் கூலி பேசி ஏற்றுகிறார்கள்.
பெயர், அவர்கள் காதில் விழுந்தபடி: சேய்டோ.
சேதுவா? செய்யதுவா? சேதிரிஸா?
இந்த ஊரில் எவரும் உரிமை கோரலாம்.
இதுவரை எவரும் கோரவில்லை.

பக்கம் 212, வரி 9:
"புறப்பட்ட நாலாம் இரவு மீகாமன் ஓடிப்போனான்.
கூலி கொடுபடவில்லை."

நடுக்கடலில் எங்கே ஓடுவது?
கப்பல்தலைவனுக்கே பிறகு உறைத்திருக்க வேண்டும்.
அல்லது அச்சுக்கோத்தவனுக்கு.
கடைசித் தாளில், எறும்பளவு எழுத்தில்,
ஒரு திசைப் பிழைக்கும்
ஓர் ஆமையின் எடைக்கும் நடுவே:
"ஓடிப்போனான் என்பதை
மூழ்கினான் என வாசிக்க."

சரி, வாசித்தேன்.
திரும்ப 212க்குப் போய்க் குழலுக்குள் கண் வைத்தால்
அவன் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறான்.

இரண்டாம் பதிப்பைக் கணினியில் தேடிப் பார்த்தேன்.
அதில் ஓட்டமும் இல்லை, மூழ்கலும் இல்லை.
"காற்று வடகிழக்கு, மிதமானது" என்று
வரி சுத்தமாகிவிட்டது.
முதற்பதிப்புக்கு ஏன் இவ்வளவு விலை என்பது
பதினொரு வருட உத்தியோகத்தில்
அன்றுதான் எனக்கு விளங்கிற்று.

சிலாபத்தில் வள்ளம் ஏறிய என் மச்சானுக்கும்
வீட்டில் இரண்டு வாசிப்பு உண்டு.
மாமி ஒன்றை வைத்திருக்கிறா,
மாமா மற்றதை.
சோறு போடும்போது அதைப்பற்றிக் கதைப்பதில்லை.

"பிழைதிருத்தத் தாள் இருக்கெண்டு கொட்டையா எழுதும்,"
மரிக்கார் வாசலில் நின்று சொல்கிறார்,
"அது இல்லாட்டி பாதி விலைதான்."

கடைசியாக வரைபடத்தை முழுதாய் விரித்தேன்.
இருநூறு வருடம் மடிந்தே கிடந்ததில்
இலங்கையின் மை எதிர்ப்பக்கக் கடலில் ஒட்டி,
இடம் வலமாய், தேநீர்க் கறைபோல,
இன்னொரு தீவு.
அதற்கு அட்சரேகை இல்லை. துறைக்குப் பெயரில்லை.
ஆழம் அளந்து எண் குறித்தவர் எவருமில்லை.
புழு தின்ற இடத்திலிருந்து
விரலால் அளந்தேன்:
நன்றாய் நீந்தத் தெரிந்தவனுக்கு
ஓர் இரவுத் தூரம்.

படிவத்தில் "குறைகள்" என்ற கட்டத்தில் எழுதினேன்:
வரைபடத்தில் மை ஒற்றல். பொருட்படுத்தத் தக்கதல்ல.

பிறகு இரண்டாவது வசனத்தை வெட்டினேன்.