கருகும் வாசனை

என் கைப்பையில் எப்போதும் ஒரு தீப்பெட்டி இருக்கும்.
விளக்குத்தூண் பக்கத்து மொத்தக் கடைக்காரர்கள்
தூரத்தில் என் தலை தெரிந்ததும்
மின்விசிறியை நிறுத்திவிடுகிறார்கள்.
"சுத்தக் காட்டன் மேடம்" என்று விரியும் தானின்
ஓரத்து இழையை உருவிக் கொளுத்துவேன்.

பஞ்சென்றால் காகிதம் கருகும் வாசனை,
ஊதினால் பறந்துபோகும் சாம்பல்.
மற்றதென்றால் சுருண்டு உருகி
நகத்தில் ஒட்டும் ஒரு கறுப்பு மிளகு.

அன்று ஆறு கடை. நான்கு மிளகு.
ஐந்தாம் கடை நைனா முகம்மது
தானே குச்சியை உரசி நீட்டினார்:
"அறுபதுக்கு நாற்பதும்மா, மறைக்கல.
அந்த நாற்பது என்னன்னு மட்டும் கேக்காதீங்க."

எங்கள் கம்பெனி
அண்ணா நகரில் ஒரு மாடி, நான்கு தையல் மெஷின்,
'மண்ணுக்கே திரும்பும் உடை' என்றொரு வாசகம்.
எழுதியது நான்தான்.
எழுதியபோது இரவு பதினொரு மணி,
மண்ணைப் பற்றி எதுவும் யோசிக்கவில்லை.

பங்குனியில் பேரையூருக்கு பஸ் ஏறினேன்.
ஒச்சம்மாளின் இரண்டரை ஏக்கர் கரிசல்,
வானம் பார்த்த கருங்கண்ணி.
வெடித்த காயில் பஞ்சு கொஞ்சம் கம்மி,
கொஞ்சம் அழுக்கு வெள்ளை,
சருகு ஒட்டியிருந்தது.
என் கையில் எட்டுப் பக்கப் படிவம்.

மருந்து அடிச்சீங்களா?
"இல்ல."
உரம்?
"ஆட்டுக் கிடை போட்டது."
மருந்தைத் தவிர்த்ததற்குக் காரணம்?
படிவத்தில் மூன்று கட்டங்கள்:
மண் நலம். உடல் நலம். மரபு.
ஒச்சம்மாள் முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள்.
"காசில்ல."
அதற்குக் கட்டம் இல்லை.

கிலோவுக்குப் பதினெட்டு ரூபாய் கூடத் தருகிறோம் என்றேன்,
விளம்பரத்தில் பேசுகிற குரலில்.
"நெசமாவா? அப்ப வார வருசம் மருந்தடிச்சுரலாம்."
இரண்டு பேரும் சிரித்தோம்.
நான் நிறுத்திய பிறகுதான் தெரிந்தது
அவள் சிரிக்கவே இல்லையென்று.

வரப்பில் உட்கார்ந்து திரும்பப் பேசினோம்.
வெயில் முதுகில் ஏறியிருந்தது.
"புழு பாதியத் தின்னுருச்சுன்னா?"
மீதிக்கும் முழு விலை.
"முழுசும் தின்னுட்டா?"
ஆவணியில் கொடுக்கிற முன்பணத்தைத் திருப்பிக் கேட்க மாட்டோம்.
சொன்ன பிறகு
முதலாளியின் முகம் ஞாபகம் வந்தது.
"எழுதித் தருவியா?"

அவள் கையெழுத்திட எட்டுப் பக்கம் இருந்தது.
நான் கையெழுத்திட ஒரு பக்கமும் இல்லை.
எட்டாம் பக்கத்தின் முதுகில் எழுதினேன்,
தேதி போட்டு.
மடித்துச் சுருக்குப்பையில் செருகிக்கொண்டாள்,
படிவம் கடைசிப் பக்கம் இல்லாமல் ஊர் திரும்பியது.

கப்பலூரில் மில் மேனேஜர்
பஞ்சைப் பிய்த்து இழையை அளந்தார்.
"குட்டை. இருபத்திரண்டு மில்லிதான்.
இருநூறு கிலோவுக்காக மெஷினைத் துடைக்க முடியுமா?"
இன்னும் ஆறு பேரைத் தேடிப் பிடித்தேன்.
ஒருத்தர் போனையே எடுக்கவில்லை,
ஒருத்தருக்குப் பஞ்சை விட மகள் கல்யாணம் முக்கியம்,
நியாயம்தானே.
நூலாகி, துணியாகி, கடுக்காயில் முக்கி
சட்டையாக மேஜைக்கு வர
ஆடி பிறந்துவிட்டது.

எல்லாரும் கைதட்டினார்கள்.
நான் கீழ்மடிப்பில் ஒரு இழை உருவிக் கொளுத்தினேன்.
காகித வாசனை. சாம்பல்.
ஊதினேன், பறந்தது.

பழக்கதோஷம், இன்னொன்றும் உருவினேன்,
தையலிலிருந்து.

மிளகு.

கோன் நூல். எல்லாக் கடையிலும் கிடைக்கிற,
அறுந்துபோகாத, மலிவான,
யாரும் கணக்கில் சேர்க்காத கோன் நூல்.
'நூறு சதவீதம்' என்று அச்சான லேபிள்கள்
பெட்டி நிறைய இருந்தன.

"செண்பகவல்லி, லேபிளை இன்னிக்குத் தைக்காதீங்க."
அவர் மிதியிலிருந்து காலை எடுக்காமல் கேட்டார்:
"என்னிக்குத் தைச்சாலும்
இதே நூல்லதானேம்மா தைக்கணும்?"

சட்டை மேஜையில் கிடக்கிறது.
நாளை காலை மறுபடி விளக்குத்தூண்.
பருத்தித் தையல் நூல் கேட்க வேண்டும்.
தீப்பெட்டியில்
பதினோரு குச்சி மிச்சம்.