கலம்

எழுகடல் தெரு முனையில்
இரண்டு கல் நிலைகள். மேலே ஒன்றுமில்லை.
ஒற்றைக் கல்லில் கொடி சுற்றிச் சுற்றி ஏறி,
போக இடமின்றி
வானத்தில் முட்டி நிற்கிறது.

தளமில்லை, கலசமில்லை.
ராயகோபுரம் என்று பெயர் மட்டும் முழுசாக.
கட்டியவருக்கு ஆயுள் போதவில்லை என்பார்கள்.
காசு போயிருக்கும் என்பார் எங்கள் முதலாளி சாந்தாராம்,
பில் புத்தகத்திலிருந்து தலை தூக்காமல்.

புடைத்து நிற்கும் கல்தூணில்
நைலான் கயிறு, எவர்சில்வர் வாளிகள்,
ஒரு மின்சாரப் பெட்டி.

ஒச்சு பெரிய அண்டாவைக் கவிழ்த்துத்
தலையில் மாட்டிக்கொண்டு வருகிறான்.
முன்னால் எதுவும் தெரியாது, கால் அறியும்.
நிலைகளுக்கு நடுவே மட்டும்
சத்தம் மாறுகிறது என்கிறான்.
உள்ளே கடல் இரைகிறதாம்.

கடலை அவன் கண்டது ஒரேமுறை,
பாம்பனில், பஸ் ஜன்னலில், பாதித் தூக்கத்தில்.

கலம் என்றால் பாத்திரம்,
கலம் என்றால் கப்பலும்தான் என்றேன்.
அண்டாவை இறக்கி
ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தான்.
பிறகு அண்ணாந்து
அந்த மூடாத வாசலை.

"எம்புட்டு உசரப் பாய்மரமும்
குனியாமப் போகலாம்ணே."

சரி, இது எங்கே போகிறது என்று கேட்டான்.
திருமங்கலம், கல்யாண மண்டபம்.
வண்டி வாடகை முந்நூறு.